சல்லிசாகக் கிடைக்கும் நல்ல படிப்பு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 'சமூகவியல், மானிடவியல் படிப்புகள்: எங்கே, என்ன செலவில்?' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்குப் பிரயோஜனமா பேசுங்க, தத்துவம் வேண்டாமுங்க" என்று சங்கச் செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பீளமேட்டில் கணக்குச் சொன்னால்தானே காது கொடுப்பார்கள்!

இதே கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு, முதுகலைக்குச் சமூகவியல் பக்கம் போனவன் நான். பிறகு முப்பது வருடம் அதையே வகுப்பில் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினேன். அந்த முப்பது வருடமும், சேர்க்கை நடக்கும் ஒவ்வொரு ஜூன் மாதமும், பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இதப் படிச்சா என்னங்க வரும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் சிரித்ததில்லை. காடு விற்று, நகை வைத்து, சீட்டு எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. என் வருத்தமெல்லாம் வேறு. நம்மவர்கள் ஒரு படிப்பை இரண்டு எண்ணை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். ஒன்று ஃபீஸ், இன்னொன்று முதல் மாதச் சம்பளம். ஃபீஸ் அதிகமாக இருந்தால் நல்ல காலேஜ், குறைவாக இருந்தால் சுமாரான காலேஜ் என்று ஒரு முடிவும் கட்டிவிடுகிறார்கள்.

வேறு எந்தச் சரக்கையும் நாம் இப்படி வாங்குவதில்லை. சித்திரை மாதம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். காங்கேயம் காளையை அங்கே விலையைக் கேட்டா வாங்குகிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதற்கப்புறம்தான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். மாட்டுக்குக் காட்டும் இந்த விவரத்தைப் பிள்ளையின் படிப்புக்கும் காட்டுங்கள் என்பதுதான் என் பேச்சின் சாரம். சமூகவியலும் மானிடவியலும் நம் நாட்டில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் படிப்புகள். அவற்றில் சில மிக நல்ல படிப்புகள், சில வெறும் காகிதம். எது எது என்று பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரைப் படித்தவர்கள்

கண்ணபுரம் என்று சொன்னேன். மாட்டுச் சந்தைக்குப் பெயர் போன அந்தக் கண்ணபுரத்துக்கு மானிடவியல் உலகிலும் ஒரு பெயர் உண்டு. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற இளம்பெண் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வுக்காக அங்கே வந்தார். கண்ணபுரம் கிராமத்தைச் சேர்ந்த ஓலப்பாளையத்தில் தங்கி, தமிழ் கற்று, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். 1972இல் 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' என்ற புத்தகம் வந்தது. கொங்கு என்ற வட்டாரம், அதற்குள் காங்கேய நாடு, அதற்குள் கிராமம், அதற்குள் ஊர் என்று அடுக்கடுக்காக இறங்கி, வலங்கை, இடங்கை என்ற பழைய பிரிவு அன்றைய உறவிலும் வழிபாட்டிலும் எப்படி நின்றது என்று காட்டிய புத்தகம் அது. நம் பாட்டிமார் விடிய விடியக் கேட்ட அண்ணன்மார் கதையையும் அவர் நாடாவில் பதிவு செய்தார். 1992இல் அது தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் அச்சாகியது.

இது ஏதோ ஒரு ஆள் வந்து போன கதையல்ல. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது அதன் தலைமைப் பேராசிரியராக இருந்தவர் பாட்ரிக் கெடஸ். அதற்குச் சில வருடம் முன்புதான் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து, கோயம்புத்தூரைப் பற்றியும் 1915இல் நகரமைப்பு அறிக்கை எழுதியிருந்தார். வடமேற்கே நீலகிரிக்குப் போனால், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி எழுதி 1906இல் வெளியிட்ட நூல் உலகமெங்கும் மானிடவியல் மாணவர்களுக்குப் பாடமாயிற்று. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைத் தொடரில் வாழும் காடர்களைப் பற்றி, சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறையின் தலைவராக இருந்த ஆஸ்திரியர் எஹ்ரன்ஃபெல்ஸ் 1952இல் புத்தகம் எழுதினார். கிழக்கே திருப்பூருக்கு வந்தால், காட்டு வேலை செய்த கவுண்டர் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனி முதலாளிகள் ஆன கதையை ஷரத் சாரி ஆராய்ந்து 2004இல் 'ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்' என்று எழுதினார். பவானி, குமாரபாளையம் தறிக்காரர்களைப் பற்றி கீர்ட் டி நீவ் எழுதிய நூல் 2005இல் வந்தது.

அதாவது, இந்தப் பீளமேட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் உலகத்தரமான ஆய்வுக் களங்கள் இருக்கின்றன. ஆனால் பட்டியலைப் பாருங்கள். எழுதியவர்களில் அநேகம் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வந்தது தப்பில்லை, நன்றி சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் போகவில்லையே என்பதுதான் கேள்வி. நம் தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள நாமே ஆங்கிலப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மாணவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமூகவியல் என்பது குடும்பம், சாதி, வர்க்கம், மதம், தொழில், நகரம் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று படிப்பது. மானிடவியலில் அதுவும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. மனித உடலின் பரிணாமம், தொல்பொருள், மொழி, பண்பாடு எல்லாம் சேர்ந்தது அது. பழங்குடிகளைப் படிப்பதுதான் மானிடவியல் என்பது பழைய நினைப்பு. இன்றைக்கு ஆஸ்பத்திரியையும் பங்குச் சந்தையையும் கூட மானிடவியலாளர்கள் படிக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது களப்பணி. அதாவது, போய், இருந்து, பார்த்து, கேட்டு, எழுதுவது. அது இல்லாத சமூகவியல் பட்டம், தண்ணீரில் இறங்காமல் வாங்கிய நீச்சல் சான்றிதழ்தான்.

எங்கே படிக்கலாம்?

முதலில் ஒரு நல்ல செய்தி. இளங்கலையில் பி.காம் படித்தாலும், பி.எஸ்ஸி. கணிதம் படித்தாலும், இன்ஜினியரிங்கே படித்திருந்தாலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சமூகவியலுக்கோ மானிடவியலுக்கோ விண்ணப்பிக்கலாம். ஆகவே, "நான் வேற கோர்ஸ் எடுத்துட்டேனுங்களே" என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

பக்கத்திலிருந்தே தொடங்குவோம். மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இருக்கிறது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலை, திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் என்று அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துக்கு ஒரு தனிச் சிறப்பு. மாணவர்களைக் கிராமத்தில் கொண்டுபோய்த் தங்க வைக்கும் பழக்கம் அந்த நிறுவனத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வந்தால் செலவு இன்னும் குறையும்.

மானிடவியலுக்குத் தமிழ்நாட்டில் இடம் குறைவு. மூத்த துறை சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் தொடங்கியது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மைசூர்ப் பல்கலைக்கழகம், தலச்சேரிப் பக்கம் பாலயாட்டில் கண்ணூர்ப் பல்கலைக்கழக வளாகம், திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உண்டு. மைசூரில் இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையமும் இருக்கிறது. மாணவருக்கு அது ஒரு கூடுதல் வசதி.

மத்தியப் பல்கலைக்கழகங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். புதுச்சேரியிலும் ஹைதராபாத்திலும் சமூகவியல், மானிடவியல் இரண்டும் உண்டு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்குப் புகழ்பெற்ற மையம் இருக்கிறது. அங்கே ஆண்டுக் கல்விக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். செலவெல்லாம் மெஸ்ஸுக்கும் ரயிலுக்கும். டெல்லிப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையை 1959இல் உருவாக்கியவர் மைசூர்க்காரரான எம்.என். சீனிவாஸ். இவற்றில் எம்.ஏ. சேருவதற்கு சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக மார்ச் வாக்கில் தேர்வு, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் விண்ணப்பம். நம் மாணவர்கள் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு எழுந்து, "எங்க சார் சேரலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்குள் பஸ் போய்விடுகிறது. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரிலேயே இதைத் தேட வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்கும், கல்யாணமாகிப் படிப்பை விட்ட சகோதரிகளுக்கும் இக்னோ இருக்கிறது. எம்.ஏ. சமூகவியல், எம்.ஏ. மானிடவியல் இரண்டும் தருகிறது. பாடப் புத்தகங்கள் தரமானவை. நான் ரெகுலர் மாணவர்களுக்கே அவற்றைப் படிக்கச் சொல்வேன். தொலைநிலைப் படிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. எந்த நிறுவனமாக இருந்தாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உதவித்தொகையையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இளங்கலைக்கு இது பஸ் பாஸும் புத்தகமும் ஆகும்.

முதுகலை முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் கணக்கே தலைகீழாக மாறிவிடும். 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. அதாவது படிப்பதற்கு வருடத்துக்கு 4,44,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கிறார்கள். பணம் கட்டிப் படிக்கிற ஊரில், பணம் வாங்கிக்கொண்டு படிக்கிற ஆளுக்கு என்ன மரியாதை கொடுக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஹைடல்பர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. ஃபீஸ் இல்லை என்று காதில் விழுந்ததுமே கிளம்பிவிடாதீர்கள். இன்னொன்று, தலித், பழங்குடி மாணவர்கள் வெளிநாடு போக மத்திய அரசு தரும் உதவித்தொகைகள் உண்டு. அவற்றில் சமூக நீதி அமைச்சகத்தின் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் இல்லை என்று 2022இல் ஒரு விதி வந்தது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளை வரிக்கு வரி படித்த பிறகே தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். படிப்பு விஷயத்தில் அந்தப் பழமொழியை ஓரமாக வையுங்கள். ஃபீஸ் குறைவு என்பதற்காகக் கேள்வி கேட்காமல் சேரக் கூடாது. பணத்தைவிடப் பெரிய முதல் உங்கள் இரண்டு வருடம், மூன்று வருடம்.

ஒரு துறைக்குள் நுழைந்தால் ஐந்து விஷயம் கேளுங்கள். முதலாவது, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? பெயர்ப் பலகையில் எட்டு நாற்காலி இருக்கும். உள்ளே இரண்டு பேர் நிரந்தரம், மற்றவர்கள் வருடத்துக்கு வருடம் மாறும் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கலாம். கௌரவ விரிவுரையாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவரால் உங்கள் ஆய்வைக் கடைசி வரை கைபிடித்துக் கூட்டிப் போக முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, களப்பணி எத்தனை நாள்? ஒரு நாள் வேனில் போய், குரூப் போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது களப்பணி அல்ல, டூர். இரண்டு வாரமாவது ஓரிடத்தில் தங்க வைக்கிறார்களா, தினமும் எழுதிய குறிப்பை ஆசிரியர் படித்துத் திருத்துகிறாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது, போன வருட மாணவர்களின் ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் துறைக்கும் இதைவிட நேர்மையான விளம்பரம் இல்லை. பத்து ஆய்வேடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, "விழிப்புணர்வு பற்றிய ஓர் ஆய்வு" என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறி இருந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நான்காவது, புள்ளியியல் சொல்லித் தருகிறார்களா? வாக்கெடுப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசியக் குடும்பநல ஆய்வு என்று எதைத் தொட்டாலும் எண் வரும். எண்ணைப் படிக்கத் தெரியாத சமூகவியல் மாணவருக்கு வேலைச் சந்தையில் பாதிக் கதவு சாத்தியிருக்கும்.

ஐந்தாவது, நூலகம். பத்திரிகை அடுக்கில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' வருகிறதா, மாணவர்கள் அதை எடுத்துப் படித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வழியில் படித்த மாணவர்கள் பயப்பட வேண்டாம். பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' போன்ற நல்ல நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. தமிழில் அடிப்படையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனால் கால் வழுக்காது.

இந்த ஐந்தில் நான்கு சரியாக இருந்தால், அந்தத் துறை எந்த ஊரில் இருந்தாலும், கட்டடம் எப்படி இருந்தாலும், சேருங்கள். இரண்டுதான் தேறுகிறது என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, என்னதான் வரும்?

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். பள்ளி ஆசிரியர் வேலையை நம்பி இந்தப் படிப்புக்கு வராதீர்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் சமூகவியல் ஒரு பாடமாகப் பரவவில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் தேர்வு வேண்டும், பொறுமையும் வேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வில் இந்த இரண்டும் விருப்பப் பாடங்கள். மெயின் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு. ஆனால் எந்தப் பட்டதாரியும் இவற்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அதற்காக மட்டும் எம்.ஏ. சேர வேண்டியதில்லை.

புதிதாகத் திறந்த கதவுகள் சில உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் உருப்படியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். அதே ஆண்டு வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் சில திட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தாலும், உலக வங்கி போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் திட்டங்களுக்கு இத்தகைய ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. சந்தை ஆய்வு, பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள், மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று கூட இருந்து பார்க்கும் வேலை, இவை எல்லாவற்றுக்கும் கேட்கத் தெரிந்த ஆள் தேவை. முதல் சம்பளம் இன்ஜினியர் சம்பளம் மாதிரி இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கடன் இல்லாமல் வெளியே வருவீர்கள் என்று சொல்கிறேன். 22 வயதில் கடன் இல்லாதவனுக்குப் பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இருக்கும். அதற்கு எத்தனை ரூபாய் போடுவது என்று எனக்குத் தெரியாது.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் எட்டுத் தறி. சேர்க்கை அன்று அவரும் அதே கேள்விதான் கேட்டார். "இதப் படிச்சா என்னங்க வரும்?" எம்.ஏ. ஆய்வுக்கு அந்தப் பெண் விசைத்தறிக் கூலியையே எடுத்துக்கொண்டாள். கூலி உயர்வு ஒப்பந்தம் போடுகிறார்கள், கொஞ்ச நாளில் அது காற்றில் போகிறது, மறுபடி தறியை நிறுத்துகிறார்கள். 2022 ஜனவரியில் கூட கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன அல்லவா? ஏன் இப்படி என்பதுதான் அவள் கேள்வி. அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகளையே முதல் ஆதாரமாக எடுத்தாள். பிறகு முப்பது கொட்டகைகளின் கணக்கைப் பார்த்தாள். கரண்ட் பில் இருந்தது, பாவு நூல் இருந்தது, ஸ்பேர் பார்ட்ஸ் இருந்தது, வெளியாள் கூலி இருந்தது. ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டிய வீட்டுப் பெண்களின் கூலி மட்டும் எந்த நோட்டிலும் இல்லை. அந்த உழைப்புக்குக் காசு போட்டால் பல கொட்டகைகள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்று அவள் கணக்குக் காட்டினாள். குறைந்த கூலிக்கு ஏன் தாங்குகிறார்கள் என்பதற்குப் பாதி விடை அந்த எழுதாத வரியில் இருந்தது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதியிருந்தாள். அப்பா உட்கார்ந்து முழுதும் படித்திருக்கிறார். பிறகு என்னிடம் போனில் சொன்னது இதுதான்: "முப்பது வருசமா நோட்டு எழுதறேனுங்க. அவங்கம்மா பேரு அதுல ஒரு நா கூட வல்லீங்க." அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தப் பெண் இரண்டாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப். வாங்கி இப்போது ஆய்வு செய்கிறாள். "என்ன வரும்?" என்று யாராவது கேட்டால் நான் உதவித்தொகையைச் சொல்வேன், வேலையைச் சொல்வேன். இதையும் சேர்த்துச் சொல்வேன்.

நம் ஊருக்கு ஏன் வேண்டும்?

2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. நம் தொழில் நகரங்களில் ரயில்வே ஸ்டேஷன் நிரம்பியது. பனியன் கம்பெனி முதல் ஃபவுண்டரி வரை கதி கலங்கியது. நம்மிடம் வேலை செய்கிறவர்கள் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறார்கள், யார் சொன்னால் நம்புவார்கள், சம்பளத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது, இங்கே எந்த லைன் வீட்டில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரிந்திருந்த அளவுக்கு முதலாளிக்குத் தெரியவில்லை. இயந்திரம் பழுதானால் பார்க்க ஆயிரம் பேரைப் படிக்க வைத்திருக்கிறோம். மனிதர்களுக்குள் ஒரு பழுது வந்தால் என்னவென்று பார்க்க எத்தனை பேரை வைத்திருக்கிறோம்?

ஆகவே முன்னாள் மாணவர்களாகிய உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சங்கத்தில் பணம் சேர்ந்தால் வளைவு கட்டலாமா, மேடைக்குக் கிரானைட் போடலாமா என்று பேசுகிறோம். அதோடு ஒரு களப்பணி நிதியும் வையுங்கள். ஒரு மாணவர் ஒரு மாதம் ஓரிடத்தில் தங்க, வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்தால், பத்துப் பேருக்கு 1,50,000 ரூபாய். ஒரு கல்யாண மண்டபத்தின் அலங்காரச் செலவு கூட இல்லை. வசதியில்லாத பிள்ளைகள் நல்ல ஆய்வை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்திலேயே எதையோ எழுதி முடிப்பது இந்தச் சின்னத் தொகைக்காகத்தான்.

இரண்டாவது வேண்டுகோளுக்குப் பணமே வேண்டாம். உங்களில் பலர் மில், பட்டறை, கம்பெனி நடத்துகிறீர்கள். ஒரு மாணவியோ மாணவனோ நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "நான் இங்கே ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கலாமுங்களா?" என்று கேட்டால், வாட்ச்மேனை விட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளே விடுங்கள். அவர்கள் எழுதுவதில் உங்களுக்குப் பிடிக்காததும் இருக்கும். கணக்குப் பரிசோதகர் எழுதுவது எல்லாம் நமக்குப் பிடித்தா இருக்கிறது? இருந்தாலும் வருடா வருடம் கூப்பிடுகிறோம் அல்லவா?

மாணவர்களுக்குக் கடைசியாக. டிசம்பரில் தேடுங்கள், ஐந்து கேள்வியையும் கேளுங்கள். வீட்டில் "என்ன வரும்?" என்று கேட்டால் கோபப்படாமல், பேப்பரும் பேனாவும் எடுத்து, ஃபீஸ், மெஸ், ரயில், உதவித்தொகை எல்லாவற்றையும் வரவு செலவாக எழுதிக் காட்டுங்கள். கணக்குக்கு நம் வீடுகளில் என்றைக்கும் மரியாதை உண்டு. மதியத்துக்கு மேல் நூலக வாசலில் உட்கார்ந்திருப்பேன். மார்க் ஷீட்டோடு வந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி, பேசலாம் வாங்க.